இசைத்தட்டின் நூற்றாண்டு – 23: பதினெட்டுப் பேரின் கடன்

சென்ற இதழில் 1946 டிசம்பரோடு நிறுத்தியிருந்தோம். வூடி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்ஸி என்று அமெரிக்காவின் பெயர்பெற்ற பிக் பேண்ட் தலைவர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துத் தங்கள் குழுக்களைக் கலைத்த மாதம் அது. பதினாறு, பதினெட்டு வாத்தியக்காரர்களை ஊர் ஊராகப் பேருந்தில் கூட்டிப்போய்ச் சம்பளமும் கொடுப்பது போருக்குப் பின் கட்டுப்படியாகவில்லை. 1944-இல் நடன விடுதிகள் மீது அரசு போட்ட கேளிக்கை வரி முதலில் 30 விழுக்காடு, பிறகு 20. வரிக்குப் பயந்த முதலாளிகள் ஆடும் தளத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள். ஆட இடமில்லாத ஊரில் ஆட்ட இசைக்கு என்ன வேலை? ஜாஸ் நான்கைந்து பேர் வாசிக்கும் சின்னக் கிளப்புகளுக்குள் ஒதுங்கியது.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, கலைந்துகொண்டிருந்த அந்தப் பிக் பேண்டின் மீதுதான் பைத்தியம் பிடித்தது. பெயர் குவின்சி ஜோன்ஸ். மைக்கேல் ஜாக்ஸனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 28 கிராமி விருதுகள் வாங்கியவர். 2024 நவம்பர் 3-ஆம் தேதி, 91 வயதில் காலமானார். அவருக்கு வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை ஜாக்ஸனில் தொடங்கி ஜாக்ஸனில் முடிந்தன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ‘த்ரில்லர்’ வெளிவந்தபோது குவின்சிக்கு வயது 49. அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் டிரம்பெட் வாசித்தார், மற்றவர்களுக்காக அரேஞ்ச்மென்ட் எழுதினார், ஒரு பெரிய குழுவை நடத்திக் கடனில் மூழ்கினார். பின்னால் பாப் உலகில் அவர் செய்த வேலையின் வேர் அத்தனையும் அந்த முப்பது ஆண்டுகளில் இருக்கிறது. இந்த இதழ் முழுக்க அதற்குத்தான்.

1933 மார்ச் 14-இல் சிகாகோவின் தென்பகுதியில் பிறந்தார். தந்தை தச்சர். குவின்சி சிறுபிள்ளையாக இருந்தபோதே தாயை மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1943-இல் தந்தை இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் நகருக்குக் கிளம்பினார். போர்க்காலம், அங்கிருந்த கடற்படைக் கப்பல் தளத்தில் தச்சு வேலை கிடைத்தது. தாயில்லாத வீட்டில் பிள்ளைகள் தறுதலையாகத் திரிந்தார்கள். பதினொரு வயதில் ஒரு ராத்திரி, தின்பண்டம் வந்து இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அக்கம்பக்கத்துப் பொழுதுபோக்குக் கூடத்தின் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தபோது, ஓர் அறையில் பியானோ ஒன்று தனியாக நின்றது. குவின்சி போய் ஒரு கட்டையை அழுத்தினான். தன் வாழ்க்கை அந்த நொடியில் திரும்பியது என்று வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளி பேண்டில் சேர்ந்தவன் ஒரே வாத்தியத்தில் நிற்கவில்லை. டிரம்ஸ், டியூபா, பிரெஞ்ச் ஹார்ன், டிராம்போன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊதியும் தட்டியும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் டிரம்பெட்டுக்கு வந்தான். இது பின்னால் பெரிய முதலீடாக ஆனது. எந்த வாத்தியத்தில் எந்தச் சுரம் சிரமப்படாமல் வரும், எதில் மூச்சு முட்டும் என்பது புத்தகம் படிக்காமலே அவனுக்கு உதட்டிலும் நுரையீரலிலும் பதிந்துவிட்டது.

குடும்பம் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தது. கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே ராத்திரியில் வாசிக்கப் போனார். அந்தக் கச்சேரி நேரத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு வெள்ளையர்களின் டென்னிஸ் கிளப்பில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அப்போதைய சினிமாப் பாட்டும் காதல் பாட்டும். பத்து மணிக்குக் கறுப்பர்களின் கிளப்புகளில் ரிதம் அண்டு புளூஸ். அங்கே ஆடுகிறவர்களை உட்காரவிடக் கூடாது. அதெல்லாம் முடிந்து நள்ளிரவுக்கு மேல் எல்க்ஸ் கிளப்பில் தங்களுக்காகவே பீபாப் ஜாஸ், விடியும்வரை. பதினைந்து வயதில் ஒரே ராத்திரிக்குள் மூன்று வகை இசை, மூன்று வகை ரசிகர்கள். பிற்காலத்தில் அவரைப் பார்த்து, ஜாஸிலிருந்து பாப்புக்குத் தாவிவிட்டார் என்று விமர்சகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவரோ வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அந்த மூன்றையும் ஒரே வேலையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எல்க்ஸ் கிளப் நாட்களில்தான் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு பார்வையற்ற இளைஞர் வந்து சேர்ந்தார். குவின்சியைவிட இரண்டரை வயதுதான் மூத்தவர்; ஆனால் தனியாக அறை எடுத்துத் தங்கி, தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்தார். பியானோ, சாக்ஸபோன் இரண்டும் வாசித்தார், பாடினார். ரே சார்ல்ஸ். அதுவரை குவின்சிக்கு ஒரு புதிர் அவிழவே இல்லை. நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன் என்று எட்டுப் பேர் சேர்ந்து ஊதும்போது எல்லோரும் ஒரே சுரத்தை ஊதுவதில்லை. ஆனாலும் அது ஒரே குரலாகக் கேட்கிறது. எப்படி? ரே பியானோவில் இடது கையால் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) பிடித்து, அதன் மேலேயே வலது கையால் வேறொரு கார்டை ஏற்றிக் காட்டினார். எட்டு விரல், எட்டு வாத்தியம். பையனுக்கு விளங்கிவிட்டது.

பிக் பேண்டில் அரேஞ்சர் என்பவர் செய்வது இதைத்தான். மெட்டு வேறு யாரோ போட்டதாக இருக்கலாம், பாடுகிறவர் வேறு ஒருவராக இருக்கலாம். அந்த மெட்டைப் பதினெட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பவர் அவர். சாக்ஸபோன்கள் எங்கே முணுமுணுக்க வேண்டும், டிரம்பெட்டுகள் எந்த இடத்தில் பாய வேண்டும், எங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பாஸ் ஒன்றை மட்டும் நடக்கவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் தாளில் எழுதி வைத்ததுதான். மேடையில் அவரை யாரும் பார்ப்பதில்லை. இசைத்தட்டின் உறையில் பொடி எழுத்தில் பெயர் வந்தால் உண்டு.

குவின்சி பதின்பருவத்திலேயே எழுதத் தொடங்கினார், இலக்கணம் தெரியாமல். மேற்கத்திய இசை எழுத்தில் எந்தெந்தச் சுரம் அரைச் சுரம் இறங்கி வரும் என்பதை வரியின் தொடக்கத்திலேயே ஒரு குறியாகப் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு குறி இருப்பதே அவருக்குத் தெரியாது. டிரம்பெட்டுக்கு எழுதியதை வாசித்துப் பார்த்தபோது ‘பி’ சுரம் மட்டும் காதில் உறுத்தியது. என்ன செய்தார் தெரியுமா? ‘பி’ வருகிற இடமெல்லாம் அரைச் சுரம் குறைத்து வாசிக்கவும், இல்லாவிட்டால் விசித்திரமாகக் கேட்கிறது என்று தாளின் மேலேயே குறிப்பு எழுதி வைத்துவிட்டார்! தொடக்கத்தில் ஒரு குறி போட்டால் போதும் என்று பிறகு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். எழுத்து தெரியாதபோதும் காது தவறவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

கவுண்ட் பேஸியின் குழு சியாட்டிலுக்கு வந்தபோது, அதில் டிரம்பெட் வாசித்த கிளார்க் டெர்ரியிடம் போய்ப் பாடம் சொல்லித்தரும்படி நின்றார் குவின்சி. பகலில் பையனுக்குப் பள்ளி. ராத்திரியில் டெர்ரிக்குக் கச்சேரி. அதனால் பள்ளிக்குப் போகும் முன், விடிகாலையில் பாடம் நடந்தது. ராத்திரி முழுக்க வாசித்துவிட்டுப் படுத்த மனிதர், முகம் தெரியாத ஒரு சிறுவனுக்காக அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, டிரம்பெட்டின் வாய்ப்பகுதியை உதட்டில் எங்கே பதிக்க வேண்டும் என்று திருத்தினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வயதில், பிக் பேண்ட் தலைவர் லயனல் ஹாம்ப்டன் குவின்சியைத் தன் குழுவுக்குக் கூப்பிட்டார். மனம் மாறிவிடுவார்களோ என்று பயந்து, பையன் எல்லோருக்கும் முன்பாகப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஹாம்ப்டனின் மனைவி கிளாடிஸ்தான் குழுவின் கணக்குவழக்கையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டவர். அவர் ஏறிப் பார்த்து, படிப்பை முடித்துவிட்டு வா என்று இறக்கிவிட்டார். பையனுக்கு அன்று உலகமே இடிந்தது. ஆனால் அப்படி இறங்கியதால்தான் பள்ளியை முடித்து, உதவித்தொகை வாங்கி, பாஸ்டனில் ஷிலிங்கர் ஹவுஸ் என்ற இசைப்பள்ளியில் சேர முடிந்தது. பின்னால் பெர்க்லீ என்று பேர் மாறியது அதுதான். 1951-இல் ஹாம்ப்டனிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை யாரும் இறக்கிவிடவில்லை.

1953 இலையுதிர் காலத்தில் ஹாம்ப்டன் குழு ஐரோப்பா போனது. டிரம்பெட் வரிசையில் குவின்சிக்குப் பக்கத்தில் ஆர்ட் ஃபார்மர், கிளிஃபர்ட் பிரவுன். இந்த இரண்டு பெயரும் ஜாஸ் ரசிகர்களுக்கு மந்திரம். பயணத்தின்போது வெளியே யாருக்கும் ரெக்கார்டிங் வாசிக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. மீறினால் வேலை போகும். ஆனாலும் ராத்திரி கச்சேரி முடிந்ததும் ஓட்டலிலிருந்து கண்ணில் படாமல் நழுவிப்போய் ஸ்டுடியோக்களில் வாசித்தார்கள். ஸ்டாக்ஹோமில் செப்டம்பரில் அப்படி ஒரு பதிவு: சுவீடன் நாட்டுக் கலைஞர்களோடு பிரவுனும் ஃபார்மரும். எழுதியது இருபது வயது குவின்சி. அதில் ‘ஸ்டாக்ஹோம் ஸ்வீட்னின்’ என்ற உருப்படியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு டிரம்பெட்டையும் முட்டிக்கொள்ளவிடாமல், ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் பேசும்படி அமைத்திருப்பார். கிளிஃபர்ட் பிரவுன் மூன்றே ஆண்டுகளில், 25 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார்.

அப்படி ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்குத் தன் டிரம்பெட்டின் எல்லை தெரியாமல் இருந்திருக்காது. தான் ஊதுவதைவிட, ஊதுகிறவர்களுக்கு எழுதுவதில்தான் கூர்மை அதிகம் என்று அவர் கண்டுகொண்ட காலம் அது. நியூயார்க்கில் தங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் எழுதினார். டைனா வாஷிங்டன், ஹெலன் மெரில், கேனன்பால் ஆடர்லி, ரே சார்ல்ஸ். 1959-இல் வந்த ‘தி ஜீனியஸ் ஆஃப் ரே சார்ல்ஸ்’ தட்டின் முதல் பக்கத்துப் பிக் பேண்ட் பாடல்களில் குவின்சி எழுதியவையும் உண்டு. எல்க்ஸ் கிளப்பில் தொடங்கிய நட்பு இசைத்தட்டில் ஏறிவிட்டது.

1956-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியை ஒரு பிக் பேண்டோடு மத்தியக் கிழக்குக்கும் ஆசியாவுக்கும் அனுப்ப முடிவு செய்தது. அரசுச் செலவில் இப்படி ஒரு ஜாஸ் குழு வெளிநாடு போவது அதுவே முதல் தடவை. டிஸ்ஸி அப்போது ஐரோப்பாவில் வேறு கச்சேரிகளில் இருந்தார். ஆள் சேர்ப்பது, தாள்களைத் தயார்செய்வது, ஒத்திகை நடத்துவது எல்லாம் 23 வயது குவின்சியின் தலையில் விழுந்தது. தலைவர் ரோமில் வந்து சேர்ந்தபோது குழு தயாராக நின்றது. ஈரானின் அபாடானில் தொடங்கி, டாக்கா, கராச்சி (அப்போது இரண்டும் ஒரே நாடு), பெய்ரூட், டமாஸ்கஸ், இஸ்தான்புல், ஏதென்ஸ் என்று சுற்றினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில். டிராம்போன் வரிசையில் மெல்பா லிஸ்டன் என்ற பெண். சொந்த நாட்டின் தென் மாநிலங்களில் ஒரே உணவகத்தில் உட்கார முடியாதவர்களை, எங்கள் நாட்டின் சுதந்திரத்தைப் பாருங்கள் என்று அரசு வெளிநாட்டுக்கு அனுப்பியது. அந்த முரண்பாடு டிஸ்ஸிக்கும் தெரியும், குவின்சிக்கும் தெரியும். கேட்க வந்தவர்களுக்கு அவர்கள் வஞ்சனையில்லாமல் வாசித்தார்கள்.

அடுத்த ஆண்டு பாரிஸ். நியூயார்க்கில் கறுப்பின அரேஞ்சர்களை வயலின் கூட்டத்துக்கு எழுத விடமாட்டார்கள். பித்தளை வாத்தியம், டிரம்ஸ் என்றால் கூப்பிடுவார்கள். தந்தி வாத்தியம் என்றால் வெள்ளையர் ஒருவரைத் தேடிப் போவார்கள். குவின்சியை உறுத்திக்கொண்டே இருந்த முள் இது. பாரிஸில் எடி பார்க்லேயின் இசைத்தட்டு நிறுவனம் வேலை கொடுத்தது. அங்கே வயலின் கூட்டமே காத்திருந்தது. நிறம் பார்த்து யாரும் தடுக்கவில்லை. கூடவே நாடியா பூலாஞ்சேவிடம் பாடம் கேட்டார். ஏரன் கோப்லண்டு முதல் எத்தனையோ அமெரிக்க இசையமைப்பாளர்களை உருவாக்கிய ஆசிரியை அவர். 1958-இல் பாடகி சாரா வானுக்காக ‘வான் அண்டு வயலின்ஸ்’ தட்டைப் பாரிஸில் பதிவு செய்தபோது, நியூயார்க் கொடுக்க மறுத்த வேலையைக் குவின்சி தன் கையாலேயே முடித்துக் காட்டினார்.

இதே பாரிஸ் நாட்களில், மொனாக்கோவில் ஃபிராங்க் சினாட்ரா ஒரு சினிமா வெளியீட்டு விழாவில் பாடியபோது குவின்சி குழுவோடு போய் நடத்திக் கொடுத்தார். சினாட்ரா அதிகம் பேசவில்லை. ஆறு ஆண்டு கழித்து அது பலன் தந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது 1959. ஹெரால்ட் ஆர்லனின் பாடல்களைக் கொண்ட ‘ஃப்ரீ அண்டு ஈஸி’ என்ற இசை நாடகம் ஐரோப்பாவில் தொடங்கி, பிறகு பிராட்வேக்கு வருவதாகத் திட்டம். இசைப் பொறுப்பு குவின்சிக்கு. தனக்கென்று ஒரு பிக் பேண்ட் வேண்டும் என்ற சிறுவயதுக் கனவு கைக்கு வந்துவிட்டது. அவர் சேர்த்த ஆட்களைப் பாருங்கள்: ஆல்டோ சாக்ஸபோனில் ஃபில் வுட்ஸ், டிராம்போனில் ஜிம்மி கிளீவ்லண்டும் மெல்பா லிஸ்டனும், பிரெஞ்ச் ஹார்னில் ஜூலியஸ் வாட்கின்ஸ், பியானோவில் சியாட்டில் தோழி பாட்டி பவுன். டிரம்பெட்டில், எட்டு ஆண்டுகளாக இருந்த டியூக் எலிங்டன் குழுவை விட்டுவிட்டு வந்தார் கிளார்க் டெர்ரி. விடிகாலையில் எழுந்து பாடம் சொன்னவர், மாணவனின் கீழே வாசிக்க வந்துவிட்டார். எலிங்டனை விட்டு ஒருவர் வருவதென்றால் அந்த நாளில் சாதாரண விஷயமில்லை.

இந்த நாடகத்தில் குழு மேடைக்குக் கீழே உட்காரவில்லை. வேடம் கட்டி, கதாபாத்திரங்களுக்கு நடுவே நடமாடியபடி வாசித்தது. தாள் வைக்க இடமில்லை. மொத்த இசையும் மனப்பாடம். மாதக்கணக்கில் அப்படி வாசித்த பதினெட்டுப் பேர் எந்த அளவுக்கு ஒன்றிப்போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. பாரிஸுக்கு வந்தபோது அல்ஜீரியப் போரின் பதற்றத்தில் நகரம் முடங்கிக் கிடந்தது, அரங்கு நிரம்பவில்லை. 1960 தொடக்கத்தில் நாடகம் நின்றது.

அறிவுள்ளவர் எவரும் அன்றைக்கே எல்லோருக்கும் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்திருப்பார். குவின்சியால் முடியவில்லை. அப்படி ஒரு குழு இனி அமையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டுக் கலைஞர்கள், அவர்களின் மனைவி மக்கள் என்று முப்பது பேர்வரை. முன்பதிவான கச்சேரி எதுவும் இல்லை. ஒரு முகவரும் இல்லை. அடுத்த பத்து மாதமும் அவர்தான் முகவர், கணக்கர், நடத்துநர், அரேஞ்சர், அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் பெரியவர். ஒரு நாட்டில் கச்சேரி. அடுத்தது இரண்டு நாடு தள்ளி. வந்த பணம் ரயிலுக்கும் பேருந்துக்கும் ஓட்டலுக்கும் சரியாகப் போனது. நாட் கிங் கோலின் ஐரோப்பியப் பயணத்தில் சேர்ந்து வாசித்த சில வாரங்கள் மட்டும் மூச்சுவிட இடம் கிடைத்தது. மற்றபடி, சம்பள நாள் வரும்போதெல்லாம் குவின்சி யாரிடமாவது தொலைபேசியில் கடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஐரோப்பிய வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் பதிவு செய்துவைத்த கச்சேரிகள் சில இன்று கேட்கக் கிடைக்கின்றன. பசியோடு வாசித்த குழு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிரம்பெட்டுகள் நான்கும் ஒரே மூச்சாக எழும்பும். அடுத்த நொடியே டிராம்போன்கள் பட்டுப்போல் வந்து தாங்கும். உலகத்தில் அந்த நேரத்தில் இதைவிடச் சிறந்த குழு இருந்ததா என்பது சந்தேகம். ஆனால் சிறப்பு சம்பளம் கொடுக்கவில்லை. தன் பாடல்களின் பதிப்புரிமை வைத்திருந்த நிறுவனங்களை விற்றுத்தான் எல்லோரையும் ஊர் சேர்க்க முடிந்தது. நியூயார்க்கில் வந்து இறங்கியபோது கடன் சுமார் 1,45,000 டாலர். தீர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இசை வேறு, இசைத் தொழில் வேறு என்று அந்த ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன் என்பதைப் பிற்காலப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கைகொடுத்தவர் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் இர்விங் கிரீன். கடன் கொடுத்ததோடு, 1961-இல் அலுவலக வேலையும் கொடுத்தார். யாரைப் பதிவு செய்வது, எந்தப் பாட்டைக் கொடுப்பது, யாரை வைத்து எழுதுவது என்று தீர்மானிக்கும் வேலை. மேடைக்காரர் கோட்டு சூட்டோடு காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போகத் தொடங்கினார். 1964-இல் அங்கேயே துணைத் தலைவர் ஆனார். வெள்ளையர் நடத்திய ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்.

விற்கும் பாட்டு ஒன்றைக் கொண்டுவா பார்க்கலாம் என்ற நிலைமை. 1963-இல் லெஸ்லி கோர் என்ற பதினாறு வயதுப் பள்ளிப் பெண்ணின் குரல் பதிவு கையில் வந்தது. மாதிரிப் பாடல்களின் குவியலைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்டார்கள். தேறியது ‘இட்ஸ் மை பார்ட்டி’. தன் பிறந்தநாள் விருந்தில் காதலன் வேறொருத்தியோடு போய்விட்டதற்காக அழும் பெண்ணின் பாட்டு. மார்ச் 30, சனிக்கிழமை பதிவு. அவளுடைய குரலையே இரண்டு தடவை பதிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார்கள். மெல்லிய சிறுமிக் குரலுக்குக் கனம் வந்தது. எல்க்ஸ் கிளப்பில் ரே இரண்டு கார்டை அடுக்கிக் காட்டிய பாடத்தின் இன்னொரு வடிவம் என்றே இதை நான் கேட்கிறேன்.

அன்று மாலை கச்சேரி கேட்கப் போனபோது கார்னகி ஹால் வாசலில் ஃபில் ஸ்பெக்டரைச் சந்தித்தார் குவின்சி. அப்போது கொடிகட்டிப் பறந்த தயாரிப்பாளர் ஸ்பெக்டர். தி கிறிஸ்டல்ஸ் குழுவை வைத்து ஓர் அருமையான பாட்டைப் பதிவு செய்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதே பாட்டு! குவின்சி கச்சேரியை விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடி, அந்த வார இறுதிக்குள் நூறு மாதிரித் தட்டு வெட்டி வானொலி நிலையங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். பிறகு ஒரு சினிமாவுக்கு இசையமைக்க ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது, கோர் என்ற பெயர் நன்றாக இல்லை, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவிலிருந்து தொலைபேசி வந்தது: பாட்டு பிய்த்துக்கொண்டு போகிறது, இன்னும் பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். ஜூன் 1-ஆம் தேதி பில்போர்டு பட்டியலில் முதலிடம்.

ஜாஸ் வட்டாரம் முகம் சுளித்தது. டிஸ்ஸிக்கு எழுதிய கை, பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுக்குப் போய்விட்டதாம். அந்த இரண்டரை நிமிடப் பாட்டைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடன்காரரின் பாட்டு அது, சரி. ஆனால் அதில் அரைகுறையாக விட்ட இடம் எது?

1964-இல் சினாட்ராவிடமிருந்து அழைப்பு. ஹவாயில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், கவுண்ட் பேஸி குழுவோடு ஓர் ஆல்பம் பாடப்போகிறேன், நீ எழுது என்றார். மொனாக்கோ மேடையை அவர் மறக்கவில்லை. ‘இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்விங்’ என்ற அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஃப்ளை மீ டு தி மூன்’. பார்ட் ஹோவர்டு 1954-இல் அதை மூன்று எண்ணிக்கை வால்ட்ஸாக, நம் கணக்கில் திஸ்ர நடையில், மெதுவாக ஏங்கும் பாட்டாக எழுதியிருந்தார். குவின்சி நான்குக்கு மாற்றினார். நடை மாறியதும் பாட்டின் குணமே மாறியது. ஏக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டான்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதல் சுற்றில் குழு கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. டிரம்ஸும் பாஸும் நடக்கின்றன; ஒரு புல்லாங்குழலும் வாய் அடைத்த டிரம்பெட்டும் பாடகரின் இடைவெளிகளில் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. மற்றவர்கள் சும்மா காத்திருப்பது நமக்குத் தெரிகிறது. அடுத்த சுற்றில் சாக்ஸபோன்கள் சேர்கின்றன. பிறகுதான் பித்தளை முழுவதும் வெடிக்கிறது. அப்போதும் சினாட்ராவின் சொல் ஒன்றுகூட மறையவில்லை. அவர் மூச்சு வாங்கும் இடத்தைக் கணக்கிட்டு, அங்கே மட்டும் டிரம்பெட்டை விட்டிருக்கிறார் குவின்சி. மொத்தம் இரண்டரை நிமிடம். பிக் பேண்ட் செத்துப்போய் ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகிவிட்டது என்று அந்தப் பாட்டைக் கேட்டு யாராலும் நம்ப முடியாது.

பிறகு வந்த பத்தாண்டு ஹாலிவுட் ஆண்டுகள். சிட்னி லுமெட்டின் ‘தி பான்புரோக்கர்’ படத்தில் தொடங்கி ஏராளமான படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள். 1967-இல் ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தின் தலைப்புப் பாடலைப் பாட ரே சார்ல்ஸைக் கூப்பிட்டுக்கொண்டார். அந்தப் படங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

1974 ஆகஸ்டில், 41 வயதில், மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. பிழைக்க மாட்டார் என்று நினைத்து நண்பர்கள் நினைவஞ்சலிக் கச்சேரிக்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். பிழைத்தெழுந்தவர், மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கச்சேரியில் தானே போய் உட்கார்ந்தார். இரண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. மூளைக்குள் இரத்தக்குழாயில் மாட்டிய கவ்வி, டிரம்பெட் ஊதும் அழுத்தத்தில் விலகிவிடக்கூடும் என்று மருத்துவர்கள் தடை போட்டார்கள். ஒருமுறை ஜப்பான் பயணத்தில் ஆசை தாங்காமல் ஊதிப் பார்த்தார். தலையில் வலி கிளம்பியது. அதோடு டிரம்பெட் முடிந்தது. இனி அவரிடம் இருந்தது காகிதமும் பென்சிலும் ஸ்டுடியோவும், யார் எதை நன்றாக வாசிப்பார்கள் என்ற அறிவும்.

1978-இல் வெளிவந்த ‘தி விஸ்’ என்ற இசைப்படத்துக்கு வேலை செய்தபோது, அதில் நடித்த மைக்கேல் ஜாக்ஸன் தன் அடுத்த ஆல்பத்துக்கு ஒரு தயாரிப்பாளரைத் தேடிக்கொண்டிருந்தார். நானே செய்கிறேன் என்றார் குவின்சி. மைக்கேலின் இசைத்தட்டு நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மனிதர் ஜாஸ்காரர், இன்றைய ஆட்ட இசை இவருக்கு வராது என்பது அவர்களின் கட்சி. மைக்கேல் பிடிவாதமாக நின்றார். அந்த ஆண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் பதிவு தொடங்கியது. பித்தளை வாத்தியங்களுக்கு எழுத ஜெர்ரி ஹே என்ற இளைஞரைக் குவின்சி அழைத்து வந்தார். அவரும் ஒரு டிரம்பெட்காரர்.

(தொடரும். அடுத்த இதழில்: ‘ஆஃப் தி வால்’)